பாறைக் கோயிலில் வாசிக்காத மூன்றாம் ஓலை

1

இங்கிலாந்தில், நான் இருக்கிற இந்த ஊரில் சும்மா நடப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். அதற்குத் தனியாகப் பூட்ஸ், தனியாகக் கால்சட்டை, மழைக்கோட்டு, தேநீர் நிரப்பிய பிளாஸ்க். சில மாதங்களுக்கு முன் எங்கள் கோயில் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மூன்று பழைய சிற்றாலயங்கள் வழியாக ஒரு குன்றுவரை நடை, உச்சியிலிருந்து பார்த்தால் வேல்ஸ் மலைகள் தெரியும், நாய்களையும் அழைத்து வரலாம். நாய்க்கே அழைப்பு இருக்கும்போது எனக்கு இல்லாமலா போகும் என்று நானும் பெயரைக் கொடுத்தேன்.

கோயில் என்று எழுதுகிறேன். சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆலயம் என்பதெல்லாம் எழுத்தில்தான், வாயில் எப்போதும் கோயில்தான். வந்த புதிதில் அதை அப்படியே இங்கிலீஷில் ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை டெம்பிளுக்குப் போக லீவு வேண்டும் என்று ஆஸ்பத்திரி மேட்ரனிடம் கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் என் டிரங்குப் பெட்டியில் விக்கிரகம் ஏதும் இருக்கிறதா என்று என்னோடு தங்கியிருந்த நர்ஸை விட்டு ஜாடையாக விசாரித்தார். ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது நானே ஒரு வார்டுக்கு சிஸ்டர். இங்கிலீஷில் தப்புச் செய்தாலும் திருத்த யாருக்கும் தைரியம் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் அன்று டியூட்டி. ஏழு வயது மகள் ரூத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று பேசுகிற மாதிரிதான் எங்கள் வீட்டுப் பேச்சு.

முதல் சிற்றாலயம் பூட்டிக்கிடந்தது. இரண்டாவதில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. நாங்களும் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பிரசங்கத்துக்கு முன்னால் குருவானவர் ஒரு தாளை எடுத்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் செய்ய நிச்சயித்திருக்கிறது, இது மூன்றாம் முறை அறிவிப்பு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, வரிசை வரிசையாக எங்களைப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் சிவந்துபோய்ச் சிரித்தாள். அவள்தான் மணப்பெண்ணாக இருக்கும்.

நான் பாதி எழுந்து முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். போகலாமா என்று ரூத் கேட்டாள். இரு என்றேன்.

2

என் அப்பா உபதேசியார். குருவானவர் சாத்தூரில் இருப்பார். சுற்றுப்பட்டியில் அவர் மாதம் ஒருமுறை வந்து போகிற சின்னச் சபைகளையெல்லாம் நடத்துவது உபதேசியார் வேலை. அச்சங்குளத்துக்குக் கிழக்கே அப்பாவிடம் நாலு கோயில்கள் இருந்தன. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வெள்ளைக்கார மிஷனரிகள் கட்டினது. எங்கள் ஊரில் காரைக் கோயில், அடுத்து ஓலைக் கோயில், அதற்கடுத்து கம்மாய்க்கரைக் கோயில், கடைசியாகப் பாறைக் கோயில். ஓலைக் கோயிலுக்கு ஓடு போட்டு வெகுநாள் ஆகியும் பேர் மட்டும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அப்பா நடக்க ஆரம்பித்துவிடுவார். காரைக் கோயிலில் ஜெபம் முடித்து, கரிசல் காட்டு வரப்பில் இறங்கி, பருத்திக்கும் மிளகாய்ச் செடிக்கும் நடுவே போய், ஒவ்வொரு கோயிலாக முடித்துப் பாறைக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். அங்கே போக இரண்டு வழி. பாறையைச் சுற்றிக்கொண்டு வண்டிப்பாதையில் போகலாம், அல்லது பாறைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். அப்பா ஏறித்தான் இறங்குவார். மேலே நின்றால் எட்டுத் திக்கும் தெரியும். பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கிற பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் காய்கிற குச்சி, மணலாகக் கிடக்கிற வைப்பாறு, விருதுநகரிலிருந்து சாத்தூருக்கு வருகிற ரயிலின் புகை. அவர் நின்று பார்க்கமாட்டார். "ஆளுக காத்திருப்பாக" என்று சொல்லி இறங்கிவிடுவார்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். காகிதத்தில் எழுதினாலும் பேர் ஓலைதான். மாப்பிள்ளை கோயிலிலும் பெண் கோயிலிலும், மூன்று வாரமும் வாசித்தாக வேண்டும். தடை சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் ஓலைக்குத்தான் வருவார்கள். முதல் ஓலை ஊருக்குள் பரவி, பக்கத்து ஊருக்குப் போய், அங்கிருந்து ஆற்றைத் தாண்டி, கேட்க வேண்டிய காதுக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகுமல்லவா?

நான் பள்ளிக்கூடம் முடித்து வீட்டிலிருந்த வருஷம், ஈஸ்டர் கழிந்த கோடையில் அப்பாவுக்கு நரம்புச்சிலந்தி வந்தது. படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கெல்லாம் அப்போது வருகிற நோய்தான். கெண்டைக்காலில் புண் வைத்து, நூல் மாதிரிப் புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அறுந்தால் கால் போச்சு. அப்பாவால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் ஜெபம் நடத்த மூப்பர் ஒருவர் இருந்தார். ஆனால் அப்பாவின் பொடி எழுத்து அவர்கள் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே அறிவிப்புத் தாள்களைக் கொண்டுபோய் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது.

அந்த மூன்று வாரமும் இருந்தது ஒரே கல்யாண ஓலைதான். மாப்பிள்ளை எங்கள் காரைக் கோயிலைச் சேர்ந்த சாமுவேல், அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பெண் பாறைக் கோயிலைச் சேர்ந்த லேயாள். தகப்பன் இல்லாதவள், தீப்பெட்டி ஒட்டி அம்மாவைக் காப்பாற்றுகிறவள், ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவள்.

3

முதல் வாரம் ஒழுங்காகப் போனேன். இரண்டாம் வாரமும் போனேன். பாறைக் கோயிலில் ஓலை வாசித்ததும் லேயாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளினாள்.

"ஏட்டி ஞானம், என் பேரை என்னமோ கலெக்டர் பேரு கணக்கா வாசிக்கிறே. இன்னும் ஒருவாட்டிதானே? வெரசா முடிச்சிரு, எனக்கு வெக்கமா இருக்கு."

மூன்றாம் வாரத்துக்கு முந்தின நாள், மதுரையில் நர்ஸ் பயிற்சிக்கு என்னைச் சேர்த்துக்கொள்வதாகக் கார்டு வந்தது. அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே மூன்று கோயில்களை முடித்தேன். காரைக் கோயிலில் சாமுவேலுக்கு ஓலை வாசித்தாயிற்று. பாறை ஏறினேன். மேலே முன்பக்கம் திறந்த ஒரு புடவு, பாறைக் குடைவு இருக்கும், அதில் நிழல் விழும். கார்டை எடுத்து இன்னொரு தரம் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நடந்தது. காரணம் தேடிப் பதினாலு வருஷமாகப் பார்த்துவிட்டேன், வேறு எதுவும் இல்லை. கால் வலித்ததென்று ஒரு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வடக்கே ரயில் போனது. அதில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். விருதுநகரில் வண்டி நிற்கும், வடை வாங்கித் தின்பேன், பிறகு மதுரை. இந்தக் கரிசல் மண்ணும் தீப்பெட்டிப் பசை நாற்றமும் இனி என் காலில் ஒட்டாது. அந்தச் சந்தோஷம் எனக்கு எழுந்திருக்க மனசு வராத அளவுக்கு இருந்தது.

கீழே தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள், ஜெபம் தொடங்க. இதோ போகலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி கேட்டது. அது முடிகிற மணி.

இரண்டு வாரம் வாசித்தாயிற்று, ஊருக்கே தெரிந்த கல்யாணம், ஒரு தரம் விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தேற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி இறங்கினேன்.

அப்பா புண்ணுக்கு எருக்கிலை வைத்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"பாறைக் கோயில்ல ஓலை வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சுப்பா."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

அந்த இரண்டாவது பதில் உண்மைதான் என்று அப்போது ஒரு குறுக்குப் புத்தியில் திருப்திப்பட்டுக்கொண்டேன். மூன்று தரமும் வாசிக்கப்பட்டது என்று அப்பா தாளில் கையெழுத்துப் போட்டுச் சாத்தூருக்கு அனுப்பினார். வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. நான்தான் தோழிப்பெண்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பாறைக் கோயிலில் என்ன நடந்தது என்பது ஆறேழு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. நான் மதுரையிலிருந்து கிறிஸ்துமஸ் லீவில் வந்திருந்தேன். குருவானவர் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தார். பாறைக் கோயில் மூப்பரைப் பேசச் சொன்னார்.

"அன்னைக்கு ஒரு பொம்பள வந்திருந்தாங்கய்யா. ஆத்துக்கு அந்தப் பக்கமாம், நடந்தே வந்திருக்கா, இடுப்புல கைப்பிள்ள. கடைசிப் பாயில உக்காந்தா. ஜெபம் முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, 'ஓலை வாசிக்கலையா'ன்னு கேட்டா. 'இந்த வாரம் ஓலை வரலையே தாயி'ன்னேன். 'அப்ப அந்தக் கல்யாணம் நின்னுபோச்சா'ன்னா. எனக்கென்ன தெரியும்? 'அப்படித்தான் போலருக்கு'ன்னேன். கையெடுத்துக் கும்பிட்டா. பிள்ளைக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு அங்கனயே திரும்பிப் போயிட்டா."

சாமுவேல் ஆற்றுக்கு அப்பால் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டியிருக்கிறான். அந்தக் குழந்தை அவனுடையது. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டவன்மேல் தடை சொல்லத்தான் அவள் வந்திருக்கிறாள். எந்தக் கோயிலில், எந்த நேரத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். வாசிக்க வேண்டிய நான் அவள் தலைக்கு மேலே பாறையில் உட்கார்ந்து ரயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடந்துவிட்ட செய்தி கேட்டு மறுபடி அவள் வந்தபோது லேயாள் ஐந்து மாசக் கர்ப்பம். லேயாள் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். லேயாள் செம்பில் தண்ணீர் கொடுத்து யாரென்று கேட்டிருக்கிறாள். சாமுவேல் தனக்குத் தாலி கட்டினதை அவள் சொல்லியிருக்கிறாள். "உன்மேல எனக்குக் கோவமில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

குருவானவர் அப்பா பக்கம் திரும்பினார். "மூணு வாரமும் வாசிச்சதா நீர் கையெழுத்துப் போட்டிருக்கீர். மூணாம் ஓலை என்ன ஆச்சு?"

நான் கதவோரம் நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் அனுப்பலைங்கய்யா. கால் வலியில தாளு எழுதாம விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டது என் தப்புத்தான்."

குருவானவர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நடந்த கல்யாணம் நடந்ததுதான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சாமுவேலை ஒரு வருஷம் சபையை விட்டு விலக்கி வைத்தார்கள். அப்பாவை வேலையை விட்டே எடுத்தார்கள். அந்தப் பெண்ணைத் தேடி ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

அப்பா சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற வேலைக்குப் போனார். நாலு கோயிலிலும் வேதம் வாசித்த மனிதர், பட்டாசு லேபிளில் எழுத்துப் பிழை தேடினார். எனக்கு எழுதுகிற கடிதங்களில் சீசன் வந்தது, காலண்டர் ஆர்டர் வந்தது, மழை வந்தது, எல்லாம் வரும். ஓலை என்ற சொல் மட்டும் வராது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் இறந்த தந்தி எனக்குக் கிடைத்தபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது.

இங்கே பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளப் போனபோது பாரத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. உபதேசியார் என்று எழுதினேன். கடைசிவரை அந்த வேலையில்தான் இருந்தாரா என்று குமாஸ்தா கேட்டார். ஆமாம் என்றேன். கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். பொய்க்குக் கையெழுத்துப் போடுவது எங்கள் குடும்பத்தில் இரண்டாம் தரம். அவர் தெரியாமல் போட்டார், நான் தெரிந்தே போட்டேன்.

5

மறுபடி இந்த ஊர் நடைக்கு வருகிறேன். மூன்றாம் சிற்றாலயத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. யாரோ தூண்களின் வயதைச் சொன்னார்கள். குன்றின் உச்சிக்குப் போனதும் எல்லாரும் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். வேல்ஸ் மலைகள் நோட்டீசில் சொன்ன மாதிரியே தெரிந்தன. அழகுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே தின்றேன்.

"Mummy" என்று கூப்பிட்டு, நீ மட்டும் ஏன் உட்காரமாட்டேன் என்கிறாய் என்று ரூத் இங்கிலீஷில் கேட்டாள்.

சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் பாதி புரியாது என்ற தைரியத்தில் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ரொட்டியை மென்றுகொண்டே முழுசும் கேட்டாள். பிறகு, உன் சிநேகிதியிடம் சாரி சொன்னாயா என்று கேட்டாள். புரிந்திருக்கிறது.

சொன்னதில்லை. சாரி சொல்வதற்குப் பதிலாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லேயாளுக்குப் பார்சல் அனுப்பி வந்தேன். பவுடர் டின், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை. சாத்தூர் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவளும் கிடைத்தது, சுகம், ஸ்தோத்திரம் என்று மூன்று வரி போடுவாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏரோகிராம் எடுத்தேன். பாறை, கார்டு, ரயில், அப்பாவிடம் சொன்ன பொய், ஒன்று விடாமல் எழுதினேன். உன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன், என்னை மன்னிப்பாயா என்று கேட்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அழுதேன். நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

6

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தடவை மூன்று வரி இல்லை, ஏரோகிராமின் மடிப்புவரை எழுதியிருந்தாள். அவள் எழுதியபடியே தருகிறேன்.

"ஞானம், உன் கடுதாசி கிடைச்சது. நீ பாறையில உக்காந்திருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். கோயில் முத்தத்துல இருந்து பாத்தா மேல இருக்கிற ஆள் தெரியாதா? உன் மஞ்சத் தாவணியை நான் பாத்தேன், மூப்பரும் பாத்தாரு. எறங்கி வருவா வருவான்னு அவரு ரெண்டு பாட்டு கூடப் பாடச் சொன்னாரு. நீ எறங்காமப் போகவும்தான் கல்யாணத்துக்கு என்னமோ தடங்கல்னு நெனச்சாரு. உங்க அப்பா தலையில போட்டுக்கிட்டாகன்னு தெரிஞ்சப்புறம் நாங்க ஏன் வாயத் தொறக்கணும்? பெத்தவுக செஞ்ச காரியத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு மூப்பரு சொல்லிட்டாரு.

என் வாழ்க்கை கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கே. யாரு சொன்னா உனக்கு? அந்த மனுசன் எனக்குச் செஞ்சது துரோகம்தான். மூணு வருசம் மொகம் குடுத்துப் பேசல நான். அப்புறம் பேசினேன். மூணு பிள்ளைக இருக்கு. எனக்கு ஓட்டு வீடு இருக்கு, சொல்லிக்க ஒரு புருசன் இருக்கான், ஏசுறதுக்காவது பக்கத்துல இருக்கான். எங்கிட்ட எதுக்குட்டி மன்னிப்புக் கேக்கே?

அந்த வெயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்து மணல்ல நடந்து வந்தாளே, அவளுக்கு என்ன இருக்கு? உன் கடுதாசி பூராவும் தேடிப் பாத்தேன். 'அந்தப் பொம்பள', 'அந்தப் பொம்பள'ன்னே எழுதியிருக்கே. அவ பேரு என்னட்டி? நானும் அன்னைக்குத் தண்ணி குடுத்தேன், பேரு கேக்கல. அவருகிட்டக் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருதாரு. நீ படிச்சவ. நீ கேட்டியா?"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இந்தக் குறிப்புகளை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். லேயாள் சொன்ன குற்றம் இதிலும் இருக்கிறது. சாமுவேலுக்குப் பேர் இருக்கிறது, நாலு கோயில்களுக்கும் பேர் இருக்கிறது. பதினாலு வருஷமாக நான் அழுததெல்லாம் அப்பாவுக்காகவும் லேயாளுக்காகவும், அதில் பாதி எனக்காகவும். அவளுக்காக ஒருநாளும் அழுததில்லை. அவள் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

மூப்பருக்கு எழுதிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை என்று அவர் மகன் பதில் போட்டிருக்கிறான். ஆகவே இதை வாசிக்கிற ஊர்ப்பக்கத்து ஜனங்களைக் கேட்கிறேன். வைப்பாற்றுக்கு அந்தப் பக்கத்தில், தீப்பெட்டி வேலை நடக்கிற ஏதோ ஓர் ஊரில் அவள் இருக்க வேண்டும். இப்போது முப்பத்தைந்து வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இருக்கும். ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை பாறைக் கோயிலுக்கு நடந்து வந்து, தன் கல்யாணத்துக்குக் கேடு இல்லை என்று நம்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனவள். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அவள் பேரை எனக்கு எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு என்று எழுதத் தெரியவில்லை.